ரமளானும் அந்த ஒரு மணி நேரமும்

2023 மார்ச் 23, வியாழக்கிழமை. லெபனானில் ரமளானின் முதல் நோன்பு. அன்று அந்நாட்டின் இடைக்காலப் பிரதமர் நஜீப் மீகாத்தி ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ஆண்டுதோறும் மார்ச் கடைசி வார இறுதியில் லெபனானில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். இந்த ஆண்டு அப்படிச் செய்ய வேண்டாம், ஏப்ரல் 20 இரவு வரை பழைய நேரமே நீடிக்கும் என்றது அறிவிப்பு. ரமளான் முடிகிற வேளை அது.

ஏன் என்று பெரிதாக விளக்கவில்லை. ஆனால் நாடாளுமன்ற சபாநாயகர் நபீஹ் பெர்ரியும் பிரதமரும் பேசிக்கொள்ளும் ஒரு காணொளி வெளியே கசிந்துவிட்டது. நோன்பு திறக்கும் நேரம் 7 மணி என்பது 6 மணியாக இருக்கட்டுமே என்று பெர்ரி கேட்கிறார். விமானப் பயண நேரங்கள் குழம்புமே என்று மீகாத்தி முதலில் தயங்குகிறார். பிறகு ஒப்புக்கொள்கிறார்.

அடுத்து நடந்தது உலகமே பார்த்த கூத்து. மாரோனைட் திருச்சபை இதை ஏற்கவில்லை, ஞாயிறன்று தன் கடிகாரங்களை முன்னே தள்ளிவிட்டது. பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் சிலவும் பள்ளிக்கூடங்கள் பலவும் அதே வழியில் போயின. அரசு அலுவலகங்களில் ஒரு நேரம், தேவாலயத்தில் ஒரு நேரம். சிலரது கைபேசி தானாக மாறிக்கொண்டது, சிலரது கைபேசி மாறவில்லை. நாட்டின் விமான நிறுவனம் கடிகாரத்தைப் பழைய நேரத்தில் வைத்துக்கொண்டே புறப்பாடுகளை ஒரு மணி நேரம் மாற்றிப் போட்டது. ஒரே கட்டடத்தில் இரண்டு அலுவலகங்கள் இரண்டு நேரத்தில் இயங்கின. மக்கள் கேலியாக 'முஸ்லிம் நேரமா, கிறிஸ்தவ நேரமா?' என்று கேட்டுக்கொண்டார்கள். பதினைந்து ஆண்டுகள் உள்நாட்டுப் போரில் எரிந்த ஒரு நாட்டில் இந்தக் கேலிக்குப் பின்னால் என்ன வலி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மார்ச் 27 அன்று அமைச்சரவை கூடி முடிவைத் திரும்பப் பெற்றது. 29ஆம் தேதி நள்ளிரவில் நாடு முழுவதும் கடிகாரம் முன்னே தள்ளப்பட்டது.

ஸுன்னிப் பிரதமரும் ஷியா சபாநாயகரும் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டார்கள். அது இதுவாகவா இருக்க வேண்டும் என்று அப்போது நமக்குத் தோன்றியது.

அந்த வாரம் நம்மிடம் பலரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: 'கடிகாரத்தை மாற்றினால் நோன்பு குறையுமா?' ஒரு நிமிடம்கூடக் குறையாது. கிழக்கே வைகறை வெளுத்ததிலிருந்து சூரியன் மறையும் வரை நோன்பு. அதற்கு இடைப்பட்ட பொழுதை எந்த அமைச்சரவையும் நீட்டவோ குறைக்கவோ முடியாது. 7 என்று காட்டிய முள் 6 என்று காட்டும், அவ்வளவுதான்.

அப்படியானால் பெர்ரி கேட்டது வெறும் அறியாமையா? இல்லை. அதில் பாதி அறியாமை, பாதி நியாயம். அந்தப் பாதி நியாயம் என்ன என்று விளங்க, இந்தக் கடிகாரத்தை நகர்த்தும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

கடிகாரம் சூரியனுக்குக் கட்டுப்பட்டிருந்த காலம்

பழைய முஸ்லிம் நகரங்களில் பெரிய பள்ளிவாசல்களில் இமாம், முஅத்தின் தவிர முவக்கித் என்றொருவர் இருந்தார். நேரம் கணிப்பவர். வானியலும் கணிதமும் படித்தவர். திமஷ்க் உமவிப் பள்ளிவாசலில் 14ஆம் நூற்றாண்டில் முவக்கித்தாக இருந்த இப்னு ஷாத்திர், அங்குள்ள மினாராவில் தொழுகை நேரங்களைக் காட்டும் நிழற்கடிகாரம் ஒன்றைச் செய்து வைத்தார். கோள்களின் இயக்கம் பற்றிய அவருடைய கணக்குகளை இன்றும் வானியல் வரலாற்றாசிரியர்கள் ஆராய்கிறார்கள். தொழுகை விசுவாசிகள் மீது நேரம் குறிக்கப்பட்ட கடமை என்று குர்ஆன் சொல்கிறது. அந்தக் கடமைக்காகவே ஒரு கல்வித்துறை வளர்ந்தது.

உஸ்மானிய ஆட்சியில் கைக்கடிகாரம் வந்த பிறகும் வழக்கம் மாறவில்லை. சூரியன் மறையும்போது கடிகாரம் 12 காட்ட வேண்டும். அதாவது மஃரிபோடு நாள் முடிந்து அடுத்த நாள் தொடங்கும். சூரியன் மறையும் நேரம் நாளுக்கு நாள் மாறுவதால், கடிகாரத்தையும் அடிக்கடி திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். பள்ளிவாசலை ஒட்டி இருந்த முவக்கித்தின் அறைக்குப் போய் மக்கள் தங்கள் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டார்கள். ரயிலும் தந்தியும் வந்தபோது இது ஒத்துவரவில்லை. 1925 இறுதியில் துருக்கிக் குடியரசு சட்டம் போட்டு, நள்ளிரவில் நாள் தொடங்கும் 24 மணி நேரக் கணக்குக்கு மாறியது.

நாம் இதைச் சொல்வது பழம்பெருமை பேச அல்ல. அன்று மனிதன் சூரியனைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தினான். பிறகு ஒரு காலம் வந்தது, மனிதனைத் திருத்துவதற்காகக் கடிகாரத்தை நகர்த்தினார்கள். 'பகலொளி சேமிப்பு நேரம்', அல்லது 'கோடைக்கால நேரம்' என்று சொல்வது இதைத்தான்.

இதன் தந்தை அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியல்ல. 1784இல் பாரிஸ் பத்திரிகை ஒன்றுக்கு அவர் எழுதியது நையாண்டிக் கடிதம். பாரிஸ்வாசிகள் நண்பகல் வரை தூங்கி, இரவெல்லாம் மெழுகுவர்த்தி எரிக்கிறார்கள். சன்னல் கதவுகளுக்கு வரி போடுங்கள், காலையில் பீரங்கி வெடித்து எழுப்புங்கள் என்று கிண்டல் செய்தார். கடிகாரத்தைத் தொடச் சொல்லவில்லை.

உண்மையில் சொன்னவர் நியூசிலாந்தின் ஜார்ஜ் ஹட்சன். தபால் துறையில் வேலை, பூச்சிகளைச் சேகரிப்பது ஆசை. வேலை முடிந்து வந்தால் பூச்சி பிடிக்க வெளிச்சம் போதவில்லை. 1895இல் கோடையில் கடிகாரத்தை இரண்டு மணி நேரம் முன்னே தள்ளலாம் என்று ஓர் அறிவியல் சங்கத்தில் கட்டுரை படித்தார். சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். அடுத்து இங்கிலாந்தில் வில்லியம் வில்லெட் என்ற வீடு கட்டும் தொழிலதிபர். அதிகாலையில் குதிரையில் போகும்போது, வெயில் வந்த பிறகும் வீடுகளில் திரைகள் மூடியே இருப்பதைப் பார்த்தார். 1907இல் சொந்தச் செலவில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஏப்ரலில் நான்கு ஞாயிறுகளில் 20, 20 நிமிடமாக 80 நிமிடம் தள்ள வேண்டும் என்பது அவர் திட்டம். நாடாளுமன்றம் மீண்டும் மீண்டும் தள்ளுபடி செய்தது. 1915இல் அவர் இறந்துபோனார். பிறகு அவர் நினைவாக லண்டன் அருகே ஒரு நிழற்கடிகாரம் வைத்தார்கள். அதுவும் கோடைக்கால நேரத்தைத்தான் காட்டுகிறது! சூரிய நிழலைக்கூட ஒரு மணி நேரம் தள்ளிப் படிக்கச் சொல்லும் நிழற்கடிகாரம்.

பூச்சி பிடிப்பவரும் கட்டடக்காரரும் கேட்டுக் கிடைக்காததை யுத்தம் கொடுத்தது. முதல் உலகப்போரில் நிலக்கரியை மிச்சப்படுத்த ஜெர்மனியும் ஆஸ்திரியா-ஹங்கேரியும் 1916 ஏப்ரல் 30 இரவு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளின. மூன்று வாரத்தில் பிரிட்டன் அதையே செய்தது. 1918இல் அமெரிக்கா. போர் முடிந்ததும் அமெரிக்காவில் விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். கடிகாரம் என்ன சொன்னாலும் புல்லின் மேல் பனி காயும் நேரம்தான் காயும், மாடு தன் நேரத்துக்குத்தான் பால் தரும், கூலியாள் மட்டும் ஒரு மணி நேரம் முன்பே கிளம்பிவிடுகிறான் என்பது அவர்கள் வாதம். அதிபர் வில்சன் தடுத்தும், 1919இல் காங்கிரஸ் அந்தச் சட்டத்தை நீக்கியது.

அந்த விவசாயியின் வாதத்தைப் படிக்கும்போது நமக்கு ஒரு முஅத்தினின் முகம் நினைவுக்கு வருகிறது. சூரியனோடு வேலை செய்கிறவர்களுக்குக் கடிகார மாற்றத்தால் லாபம் இல்லை. கடிகாரத்தோடு வேலை செய்கிறவர்களுக்கே அது லாபமோ நட்டமோ.

இரண்டாம் உலகப்போரில் இந்த வழக்கம் மீண்டும் வந்தது. நம் நாட்டையும் விடவில்லை. 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை இந்தியாவில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடியது. நம் பாட்டனார்கள் பார்த்த யுத்தகால நேரம் அது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அமெரிக்கா 1974 ஜனவரி 6இலிருந்து ஆண்டு முழுவதும் கோடை நேரம் என்று அறிவித்துப் பார்த்தது. குளிர்காலக் காலையில் பிள்ளைகள் கும்மிருட்டில் பள்ளிக்குப் போனார்கள், விபத்துகள் செய்தியாயின, அதே ஆண்டு அக்டோபரில் கைவிட்டார்கள்.

மின்சாரம் மிச்சமாகிறதா என்பதும் இன்று சந்தேகமே. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் 2006இல்தான் எல்லா மாவட்டங்களும் கோடை நேரத்துக்கு மாறின. மாறுவதற்கு முன்னும் பின்னும் உள்ள வீட்டு மின்கட்டணங்களை ஒப்பிட்ட பொருளாதார ஆய்வாளர்கள், மின் பயன்பாடு ஏறத்தாழ 1 சதவீதம் கூடியதாகக் கண்டார்கள். விளக்கில் மிச்சமானது குளிர்சாதனத்தில் போய்விட்டது. மெழுகுவர்த்திக் காலத்துக் கணக்கு ஏசி காலத்துக்குப் பொருந்தவில்லை.

பாதி நியாயம்

இப்போது நோன்புக்கு வருவோம். எகிப்தை எடுத்துக்கொள்வோம். 2011 புரட்சிக்குப் பின் கோடை நேரத்தை ஒழித்த எகிப்து, மின்வெட்டு தாங்காமல் 2014 மே மாதம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆனால் அந்த ஆண்டு ரமளான் ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலை முழுவதும் வந்தது. எனவே ரமளானுக்கு முன் கடிகாரத்தைப் பின்னே இழுத்து, ரமளான் முடிந்ததும் மறுபடி முன்னே தள்ளினார்கள். ஒரே ஆண்டில் நான்கு முறை மாற்றம்! 2010 ரமளானிலும் இதையே செய்தார்கள்.

ஏன் இவ்வளவு பாடு? கணக்குப் போட்டுப் பாருங்கள். கெய்ரோவில் அந்த நாள்களில், கோடை நேரப்படி ஸஹர் முடிவது அதிகாலை 4.10 அளவில், நோன்பு திறப்பது மாலை 8 மணியளவில். பழைய நேரப்படி அதே பொழுதுகள் 3.10, 7 மணி. இரண்டிலும் நோன்பு கிட்டத்தட்ட 16 மணி நேரம். ஆனால் அலுவலகம் காலை 9 முதல் மாலை 3 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகம் சூரியனைப் பார்ப்பதில்லை, கடிகாரத்தைத்தான் பார்க்கும். கோடை நேரத்தில் ஃபஜ்ருக்கும் அலுவலகத்துக்கும் இடையே சுமார் 5 மணி நேரம். பழைய நேரத்தில் 6 மணி நேரம். ஃபஜ்ர் தொழுதுவிட்டுப் படுப்பவருக்கு ஒரு மணி நேரத் தூக்கம் கூடுதல். மாலையில் வேலை முடிந்து நோன்பு திறக்கக் காத்திருக்கும் நேரம் 5 மணி நேரத்திலிருந்து 4 ஆகிறது. நோன்பு சுருங்கவில்லை. நோன்புக்குள்ளே வேலை நேரம் இடம் மாறி உட்கார்ந்தது.

நோன்பு வைத்து வேலைக்குப் போனவர்களுக்கு அந்த ஒரு மணி நேரத் தூக்கத்தின் அருமை தெரியும். இதுதான் நாம் சொன்ன பாதி நியாயம். எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அலுவலகத்தில் உட்காருபவருக்கு இது சுகம். வெயிலில் சாலை போடுபவருக்கோ, வேலை பிற்பகல் வெயிலுக்குள் ஒரு மணி நேரம் கூடுதலாக நீளும். அவருக்குக் கோடை நேரமே மேல். நாக்கு வறண்டு நிற்கும் அந்தத் தொழிலாளியைக் கேட்டா கெய்ரோவில் முடிவெடுத்தார்கள்?

எகிப்தின் கதை அதோடு முடியவில்லை. 2015இல் மறுபடி ஒழித்தார்கள். 2016இல் ரமளான் முடிந்ததும் ஜூலையில் திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்து, சில நாள்களுக்கு முன் கைவிட்டார்கள். 2023இல் எரிபொருளை மிச்சப்படுத்த மீண்டும் கொண்டுவந்தார்கள். அதற்குக் குறித்த நாள் ஏப்ரல் மாதக் கடைசி வெள்ளி. அந்த ஆண்டு பெருநாள் முடிந்து ஒரு வாரம் கழித்து. கெய்ரோவில் யாரோ பிறைக் கணக்கையும் பார்த்துத்தான் நாள் குறித்திருக்கிறார்கள் என்பது நம் ஊகம்.

மொரோக்கோ வேறு வழியில் போனது. 2018 அக்டோபர் கடைசியில், குளிர்கால நேரத்துக்குத் திரும்ப இரண்டே நாள் இருக்கும்போது, இனி ஆண்டு முழுவதும் கோடை நேரமே என்று அரசு அறிவித்துவிட்டது. ஐரோப்பாவோடு வணிகம், மின்சாரம் என்று காரணங்கள். பள்ளி மாணவர்கள் வீதிக்கு வந்து போராடினார்கள், இருட்டில் பள்ளிக்குப் போக முடியாது என்று. அரசு பள்ளி நேரத்தைத் தளர்த்தியதே தவிர கடிகாரத்தைத் தளர்த்தவில்லை. ஆனால் ரமளானுக்கு மட்டும் விதிவிலக்கு: ரமளானுக்கு முந்தைய ஞாயிறு கடிகாரம் பின்னே போகும், ரமளானுக்குப் பிந்தைய ஞாயிறு முன்னே வரும். மற்ற நாடுகளில் கோடையும் குளிரும் கடிகாரத்தை மாற்றுகின்றன. மொரோக்கோவில் பிறை மாற்றுகிறது. ஹிஜ்ரி நாள்காட்டியைப் பார்த்துக் கடிகாரம் திருத்தும் நாடு அது.

இது முஸ்லிம்களின் பிடிவாதம் என்று யாராவது சொன்னால் இஸ்ரேலைக் காட்டலாம். அங்கே யூதர்களின் யோம் கிப்பூர் நோன்பு செப்டம்பரிலோ அக்டோபரிலோ வரும். சூரியன் மறைவில் தொடங்கி மறுநாள் இருட்டும் வரை, ஏறத்தாழ 25 மணி நேரம். மதக் கட்சிகளின் அழுத்தத்தால், அந்த நோன்புக்கு முந்தைய ஞாயிறே கோடை நேரம் முடிந்துவிட வேண்டும் என்று 2005இல் சட்டமே போட்டார்கள். காரணம் அதேதான்: நோன்பு திறக்கும் நேரம் கடிகாரத்தில் முன்கூட்டி வர வேண்டும். 25 மணி நேர நோன்பில் ஒரு நிமிடமும் குறையாது என்று மதச்சார்பற்றவர்கள் கூச்சலிட்டார்கள். ஆண்டுதோறும் சண்டை. கடைசியில் 2013இல் சட்டத்தை மாற்றி, அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நீட்டிவிட்டார்கள். பட்டினி கிடக்கும் மனிதனுக்கு, எந்த மதத்தவனானாலும், 7ஐவிட 6 இனிப்பாகத்தான் இருக்கிறது.

ஆக, லெபனானில் நடந்த தவறு மார்க்கத்தில் இல்லை, முறையில் இருந்தது. மொரோக்கோவில் ஏறத்தாழ நாடு முழுவதும் நோன்பு வைக்கிறது, மாற்றம் முன்கூட்டியே தெரிகிறது, கணினிகளும் விமானங்களும் அதற்கேற்ப அமைகின்றன. லெபனானில் மக்களில் கணிசமானோர் கிறிஸ்தவர்கள். அங்கே மாற்றத்துக்கு இரண்டு நாள் முன்பு, இரண்டு தலைவர்கள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். ஷூரா என்ற கலந்தாலோசனையை நமக்குக் கடமையாக்கிய மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே! அரசு ஊழியர்களுக்கு ரமளானில் வேலை நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைத்திருந்தால் அதே தூக்கமும் அதே ஓய்வும் கிடைத்திருக்கும். யாருடைய கடிகாரத்தையும் தொட்டிருக்க வேண்டாம். வளைகுடா நாடுகளில் கோடை நேரமே கிடையாது. அங்கே ரமளானில் வேலை நேரத்தைக் குறைக்கிறார்கள். நம் ஊரிலிருந்து போனவர்கள் எல்லோரும் பார்த்ததுதான் இது.

தமிழர்கள் வாழ்ந்த இரண்டு நேரம்

ஒரு நாட்டில் இரண்டு நேரம் என்பது லெபனானின் கண்டுபிடிப்பு அல்ல. நமக்கு மிக அருகில், பத்தாண்டுகள் நடந்தது. 1996இல் இலங்கையில் மழை பொய்த்து நீர்மின் நிலையங்கள் வறண்டன. மே 25 அன்று அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. பூமத்திய ரேகைக்கு அருகில் கோடையிலும் குளிரிலும் பகல் ஏறத்தாழ ஒரே நீளம். அங்கே சேமிக்க எந்தப் பகலொளி உபரியாக இருக்கிறது? கொழும்பில் சூரியன் உதிக்கவே காலை 7 மணி நெருங்கியது. லுஹர் ஒரு மணிக்கு மேல் போனது. பிள்ளைகள் விடியும் முன்பே பள்ளிக்குக் கிளம்பினார்கள். அதே அக்டோபரில் அரை மணி நேரம் பின்னே வந்தார்கள். மீதி அரை மணி நேரம் 2006 ஏப்ரல் 15 வரை ஒட்டிக்கொண்டிருந்தது.

விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே பழைய நேரமே நீடித்தது. சோதனைச் சாவடியைக் கடந்தால் அரை மணி நேரம் வித்தியாசம். 'பழைய நேரமா, புது நேரமா?' என்று கேட்டுக்கொண்டே ஒரு தலைமுறை வளர்ந்தது. யார் ஆட்சி நடக்கிறது என்பதைச் சுவர்க் கடிகாரம் சொன்னது. பெய்ரூத் செய்தியைப் படித்தபோது இலங்கைச் சகோதரர்கள் சிரித்திருப்பார்கள்.

சிங்கப்பூர், மலேசியா உறவுகள் உள்ள குடும்பங்களுக்கு இன்னொரு விஷயம். அங்கே ஏன் மஃரிப் 7 மணியை ஒட்டி, லுஹர் 1 மணியளவில் என்று யோசித்திருக்கிறீர்களா? சூரியக் கணக்குப்படி சிங்கப்பூர் நேரம் கிரீனிச்சைவிட 7 மணி நேரம் முன்னே இருக்க வேண்டும். 1933 ஜனவரி 1 முதல் ஆங்கிலேய ஆட்சி 20 நிமிடம் 'பகலொளி சேமிப்பு' என்று தள்ளியது. 1941இல் இன்னொரு 10 நிமிடம். ஜப்பானியர் வந்து டோக்கியோ நேரத்தையே திணித்தார்கள். அவர்கள் போன பின் பழையபடி ஏழரை. 1982 தொடங்கும்போது தீபகற்ப மலேசியா, சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு ஒத்துப்போக அரை மணி நேரம் முன்னே போனது, சிங்கப்பூரும் சேர்ந்துகொண்டது. ஆக இன்று அங்கே ஆண்டு முழுவதும் நடப்பது முழு ஒரு மணி நேரக் கோடைக்கால நேரம்தான். யாரும் அந்தப் பெயரால் அழைப்பதில்லை. தலைமுறைகள் பழகிவிட்டன. பள்ளிவாசல்கள் அதற்கேற்ப ஜும்ஆவை வைத்துக்கொண்டன. தொழுகைக்கு ஒரு குறையும் வரவில்லை.

நாம் உண்மையில் கவலைப்படுவது பாரிஸிலும் லண்டனிலும் இருக்கும் குடும்பங்களுக்காக. காரைக்காலிலிருந்து பிரெஞ்சுக் குடியுரிமையோடு போன குடும்பங்கள் பாரிஸில் ஏராளம். சூரியக் கணக்கில் பாரிஸ் ஏறத்தாழ லண்டன் நேரத்தில் இருக்க வேண்டிய ஊர். 1940இல் ஜெர்மன் படை நுழைந்தபோது பெர்லின் நேரத்துக்கு மாற்றியது. போருக்குப் பிறகும் அது திரும்பவில்லை. 1976 முதல் அதன் மேல் கோடை நேரமும் ஏறியது. ஆகவே ஜூன் மாதப் பாரிஸில் கடிகாரம் சூரியனைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முந்தி ஓடுகிறது. லுஹர் தொடங்குவதே பிற்பகல் 1.50 அளவில். மஃரிப் இரவு 10 மணியளவில். இஷா நள்ளிரவை ஒட்டி. ஃபஜ்ருக்கு எழ வேண்டிய பிள்ளை எப்போது தூங்குவது?

ஜும்ஆதான் பெரிய சோதனை. 12 முதல் 2 வரை உணவு இடைவேளை விடும் அலுவலகத்தில், லுஹரே 1.50க்குத் தொடங்கினால் ஊழியர் எப்படிப் போய்த் திரும்புவார்? அதே ஊழியருக்கு நவம்பரில் லுஹர் 12.40க்கே வந்துவிடும், தாராளமாகப் போய்வரலாம். ஆக ஐரோப்பாவில் ஒரு முஸ்லிம் தன் மேலதிகாரியிடம் கேட்க வேண்டிய சலுகை, அந்தக் கடிகார மாற்றத்தைப் பொறுத்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறது. லண்டனில் கோடையில் லுஹர் 1 மணியை ஒட்டி. டிசம்பரில் மஃரிப் 4 மணிக்கு முன்பே, பள்ளி விட்டுப் பிள்ளை வீடு வரும் வழியில்.

சிலர் நம்மிடம், 'ஹஜ்ரத், கடிகாரப்படி எப்போதும் ஒரு மணிக்கே ஜும்ஆ வைத்துக்கொள்ளலாமா?' என்று கேட்கிறார்கள். நேரம் நுழைந்த பிறகு எந்த நேரத்தையும் ஜமாஅத் நிர்ணயித்துக்கொள்ளலாம். நேரம் நுழையும் முன் கூடாது என்பதே நம் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளின் நிலை. ஹன்பலீ மத்ஹபில் ஜும்ஆவை சூரியன் சாயும் முன்பே தொழ இடம் உண்டு என்பதால், சில ஐரோப்பிய நகரங்களில் அந்தக் கருத்தை எடுப்போரும் உண்டு. அந்தந்த ஊர் ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது. இங்கிருந்து நாம் தீர்ப்புச் சொல்வது முறையாகாது. ஆனால் ஒன்று: கைபேசிச் செயலியின் நேரத்தை மாற்ற நாளில் ஒருமுறை உள்ளூர்ப் பள்ளிவாசல் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அச்சடித்த அட்டவணையில் மாற்றம் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஸஹரில் ஒரு மணி நேரம் பிசகினால் நோன்பு பிசகும்.

இந்த மாற்றத்தையே ஒழிக்கும் பேச்சு வெகு நாளாக நடக்கிறது. 2018இல் ஐரோப்பிய ஆணையம் கருத்துக் கேட்டபோது 46 லட்சம் பேர் பதில் அனுப்பினார்கள், 84 சதவீதம் பேர் ஒழிக்கச் சொன்னார்கள். 2019 மார்ச்சில் ஐரோப்பிய நாடாளுமன்றம் 2021உடன் நிறுத்த வாக்களித்தது. ஆனால் நிரந்தரமாகக் கோடை நேரமா, குளிர்கால நேரமா என்பதில் நாடுகள் ஒத்துப்போகவில்லை, கோப்பு தூங்குகிறது. அமெரிக்க செனட் 2022 மார்ச்சில் நிரந்தரக் கோடை நேரத்துக்கு ஒப்புதல் தந்தது, கீழவையில் அது அப்படியே நின்றுபோனது. துருக்கி 2016இல் நிரந்தரக் கோடை நேரத்துக்குப் போனது. டிசம்பரில் இஸ்தான்புல்லில் சூரியன் உதிக்க காலை எட்டரை ஆகிறது, பிள்ளைகள் இருட்டில் பள்ளிப் பேருந்து ஏறுகிறார்கள். ஜோர்டானும் சிரியாவும் 2022இல் அதே வழியில் போயின. ஈரான் அதே ஆண்டு எதிர்வழியில் போய், கோடை நேரத்தையே ஒழித்தது.

தொழுகையை மட்டும் வைத்துப் பார்த்தால் எந்த முடிவும் நமக்கு ஒன்றுதான். ஆனால் ஐரோப்பாவில் வாழும் நம் பிள்ளைகளின் தூக்கத்தையும் ஜும்ஆவையும் வைத்துப் பார்த்தால், நிரந்தரக் கோடை நேரத்தைவிட நிரந்தரக் குளிர்கால நேரமே அவர்களுக்கு நல்லது என்பது நம் கருத்து. தூக்க மருத்துவ வல்லுநர் சங்கங்கள் பலவும் வேறு காரணங்களுக்காக அதையே பரிந்துரைக்கின்றன. அங்கே வாக்குரிமை உள்ள சகோதர சகோதரிகள், பொதுக் கருத்துக் கேட்பு வரும்போது இதைச் சொல்லத் தயங்க வேண்டாம். 'இது முஸ்லிம்களின் கோரிக்கை' என்று மட்டும் தனித்து வைக்க வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர்களோடும் இரவுப் பணியாளர்களோடும் சேர்ந்து சொன்னால் எடுபடும்.

ரமளானைப் பொறுத்தவரை சில ஆண்டுகளுக்கு இந்தச் சச்சரவு ஓய்ந்திருக்கும். 2026 ரமளானின் நடுவில், மார்ச் 8 ஞாயிறு அதிகாலையில், அமெரிக்காவிலும் கனடாவின் பெரும்பகுதியிலும் கடிகாரம் முன்னே போகிறது. அந்த ஒரு நாள் ஸஹரில் அங்கே இருப்போர் கவனமாக இருக்க வேண்டும். அதன் பிறகு ரமளான் குளிர்காலத்துக்குள் நுழைந்துவிடுகிறது. 2030இல் ஒரே ஆங்கில ஆண்டில் ஜனவரியில் ஒரு ரமளான், டிசம்பர் கடைசியில் இன்னொன்று தொடங்கும். ரமளானும் ஐரோப்பாவின் கோடை நேரமும் மறுபடி சந்திப்பது 2036 அக்டோபரில்தான், இன்ஷா அல்லாஹ், அதுவரை அந்தக் கோடை நேரம் இருந்தால்.